பல்லில் கடித்த பறி

என் ஓரகத்தி பாடினால் எனக்கு வயிறு எரியும். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நாலு பக்கம் நல்லவள் மாதிரி பேசிவிட்டுப் பிறகு சொன்னால் என்னைக் காறித் துப்புவீர்கள். இப்போதே துப்பிவிட்டால் வேலை முடிந்தது.

ஓரகத்தி என்றால் என் கொழுந்தனைக் கட்டியவள். சுண்ணாம்புக்குளத்துப் பக்கத்திலிருந்து எங்கள் குப்பத்துக்கு வாழ வந்தவள். அப்பாவை நைனா என்பாள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். எங்கள் குப்பம் பழவேற்காடு ஏரிக்கரையில், தோணிரேவிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். காலையில் என் வீட்டுக் குக்கர் விசிலடிப்பதற்கு முன்னால் அவள் முனகல் அந்தச் சுவரைத் தாண்டி வந்துவிடும். பாட்டுக்கூட இல்லை. உதட்டை மூடிக்கொண்டு ம்ம்ம் என்று கீழே இருந்து மேலே போவாள், மேலே இருந்து கீழே வருவாள். பல் தேய்த்துக்கொண்டிருக்கிற என் வீட்டுக்காரர் கையை நிறுத்திவிட்டுக் கேட்பார். அதைப் பார்க்கும்போது அந்த பிரஷ்ஷைப் பிடுங்கி ஏரியில் எறியலாம் போல இருக்கும்.

எங்கள் ஊரில் குரலுக்கு ஒரு வேலை இருக்கிறது. ஆடி மாதம் கங்கையம்மன் திருவிழாவில் அம்மனின் கரகம் படகில் வரும். வந்து நேராகக் கரை ஏறாது. ஏரிக்குள் தள்ளி, ஆள் முகம் தெரியாத தூரத்தில் படகு நின்றுவிடும். பெண்கள் நாங்கள் இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்று அம்மனை மூன்று முறை கூப்பிட வேண்டும். "ஏரி தாண்டி வா தாயே" என்று ஒருத்தி குரல் எடுப்பாள். மற்றவர்கள் பின்னால் நின்று எதிர்க்குரல் கொடுப்பார்கள். முதல் அழைப்பைவிட இரண்டாவது உசரம். மூன்றாவது அதற்கும் உசரம். அந்த மூன்றாவது 'வா'வை, படகில் பம்பை மேளச் சத்தம் கேட்கிறவரைக்கும் விடக் கூடாது. பம்பை அடித்தால் அவர்களுக்குக் காதில் விழுந்துவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகுதான் கழியை ஊன்றிப் படகைத் தள்ளுவார்கள். விழவில்லையென்றால் படகு நிற்கும். அம்மனுக்குக் கூப்பிட்ட மரியாதை போதவில்லை என்று ஊரே முகம் வாடிவிடும்.

மைக் கிடையாது. ஒரு வருடம் யாரோ கையில் எடுத்துப்போகிற ஸ்பீக்கர் ஒன்றைக் கொண்டுவந்தான். ஊர்ப் பெரியவர்களான நாட்டாரில் ஒருவர், "அம்மாவ ப்ளூடூத்துல கூப்புடுவியாடா பேமானி?" என்று விரட்டிவிட்டார். போதாததற்கு ஆடியில் மேற்கே இருந்து கச்சான் காற்று அடிக்கும். படகும் மேற்கேதான் நிற்கும். காற்று அங்கிருந்து நம் வாய்க்குள் வரும், நாம் இங்கிருந்து அதற்கு எதிராகக் குரலை அனுப்ப வேண்டும்.

ஒன்பது வருடம் அந்தக் குரலை எடுத்தவள் நான். மீன் ஏலத்தில் எனக்குப் பேச்சுக் கிடையாது, படிப்பு எட்டாவதோடு சரி, நிறமும் அட்டக்கரி. ஆனால் ஆடி மாதம் அந்த ஒரு காலை மட்டும் ஊரே என் முதுகுக்குப் பின்னால் நிற்கும். கேட்கிறவர்களுக்கு அது அற்பமாக இருக்கலாம். எனக்கு அது ஒன்றுதான் இருந்தது.

நான் எடுத்த முறை என்னவென்றால், தலையை அண்ணாந்து, முகவாயைத் தூக்கி, கழுத்து நரம்பு புடைக்க, பலம் கொண்ட மட்டும் தள்ளுவேன். கண்ணில் தண்ணீர் வரும். முடிந்த பிறகு நாலு நாளைக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். அம்மனுக்காகக் கட்டிய தொண்டை என்று அதையும் ஒரு பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிவேன். ஒவ்வொரு வருடமும் அந்த நாலு நாள் கொஞ்சம் கொஞ்சமாகப் பத்து நாள், பதினைந்து நாள் என்று நீண்டுகொண்டே போனது. நான் கவனிக்கவில்லை. கவனித்தேன், ஒத்துக்கொள்ளவில்லை என்பதுதான் உண்மை.

பத்தாவது வருடம் குரல் உடைந்தது.

முதல் அழைப்பு போனது. இரண்டாவது சுமாராகப் போனது. மூன்றாவதில் 'வா' என்று மேலே ஏறும்போது, துருப்பிடித்த தகரத்தைத் தரையில் இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. பிறகு வெறும் காற்றுதான் வந்தது. படகு நின்றது. இன்னொரு முறை எடுத்தேன். அதுவும் பாதியில் கிழிந்தது. படகு அசையவில்லை. பின்னால் ஒருத்தி, "அடக் கடவுளே" என்றாள். என் காது இரண்டும் சுட்டது.

அப்போது என் தோளுக்கு மேலே ஒரு குரல் போனது. கத்தவில்லை, முட்டித் தள்ளவில்லை. போனது, அவ்வளவுதான். கச்சானுக்கு எதிராக நேராக ஏரிமேல் போய்ப் படகைத் தொட்டது. அடுத்த மூச்சில் பம்பை அதிர்ந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் இல்லை, அந்தக் குரலைத்தான் தினமும் சுவரைத் தாண்டிக் கேட்கிறேனே!

"யாரு, சின்னவளா? யம்மாடி, இன்னா கொரலு!" என்று ஊரே அவளைச் சூழ்ந்துகொண்டது. என் பக்கம் வந்த ஒரே ஒருத்தி என்ன சொன்னாள் தெரியுமா? "வுடு, ஒனக்கும் வயசாவுது இல்ல?" எனக்கு அப்போது நாற்பத்தொன்று. சொன்னவளுக்கு ஐம்பது!

சாயங்காலம் ஓரகத்தி ஒரு சொம்பில் வெந்நீர் எடுத்துக்கொண்டு வந்தாள். "அக்கா, தொண்டைக்கு எதமா இருக்கும், குடி" என்றாள். அவள் போன பிறகு அதை முருங்கை மரத்துக்கு ஊற்றினேன். மரம் கருகியாவது போயிருக்கலாம், அதுவும் நன்றாகத் துளிர்த்தது.

அடுத்த ஆடிக்குள் குரலை மீட்டுவிடுவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். யார் யார் என்ன சொன்னார்களோ எல்லாம் தின்றேன். மிளகு, பனங்கற்கண்டு, கற்பூரவல்லி, பச்சை முட்டை. தினமும் சாயங்காலம் ஆள் இல்லாத கரையில் போய்க் காற்றுக்கு எதிராக நின்று கத்தினேன். எனக்கு ஒரு கணக்கு இருந்தது. என் வீட்டுக்காரர் கையைப் பார்த்துப் போட்ட கணக்கு. கழி பிடிக்க ஆரம்பித்த காலத்தில் அவர் உள்ளங்கை கிழிந்து ரத்தம் வருமாம். பிறகு காய்த்துப்போய்விட்டது. இப்போது நாள் முழுக்கக் கழி ஊன்றினாலும் வலிக்காது. தொண்டை மட்டும் என்ன, பொன்னால் செய்ததா? கத்தக் கத்தக் காய்த்துப்போகும், பிறகு எவ்வளவு இழுத்தாலும் தாங்கும் என்று நினைத்தேன்.

"இன்னாம்மே, ஏரி மீனெல்லாம் ஆந்திராவுக்கு ஓடிப் போய்டும் போலக் கீதே?" என்று வீட்டுக்காரர் கிண்டலடித்தார். நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன். சத்தமே வரவில்லை. எச்சில் துப்பினால் கொஞ்சம் சிவப்பாக இருந்தது.

பொன்னேரியில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரம்மாவிடம் கூட்டிக்கொண்டு போனார். அந்தம்மா மூக்கு வழியாக மெல்லிசான கேமரா ஒயரை விட்டு, டிவியில் என் தொண்டையை எனக்கே காட்டினார்கள். வெள்ளையாக இரண்டு நாடா. பேசும்போது ஒன்றோடொன்று படபடவென்று தட்டிக்கொள்கின்றன. இரண்டிலும் சரியாக நடுவில் ஒரு சின்னத் தடிப்பு.

"இது காய்ப்பும்மா. மேல இழுக்கறப்ப ரெண்டும் ரொம்ப வேகமா மோதும். நீங்க கழுத்தாலயும் தாடையாலயும் நெருக்கித் தள்ளித் தள்ளி, மோதுற எடம் காய்ச்சுப்போச்சு" என்றார்கள்.

என் கணக்கு பலித்துவிட்டது என்று நான் ஒரு நொடி சந்தோஷப்பட்டேன், பாருங்கள்! அந்தம்மா அதைப் புரிந்துகொண்டது மாதிரி, "கையில காய்ச்சா வேலைக்கு நல்லது. இங்க காய்ச்சா ரெண்டும் ஒழுங்கா சேராது, சந்துல காத்துதான் போகும்" என்றார்கள். மூன்று வாரம் பேசக் கூடாது. கிசுகிசுக்கவும் கூடாது, அது இன்னும் மோசம். சும்மா சும்மா கனைக்கக் கூடாது. தண்ணீர் நிறையக் குடிக்க வேண்டும். அதற்குப் பிறகு மெதுவாக, மெல்லிசாக, வாய் மூடின முனகலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். "அவசரப்பட்டா அப்புறம் ஆபரேஷன் கத்திதான்" என்றார்கள். வெளியே வந்ததும் என் வீட்டுக்காரர், "டாக்டரம்மாவுக்கு ஒரு கிலோ எறா குடுத்துட்டு வரலாமா? மூணு வாரம் வூடு அமைதியா இருக்குமே" என்றார். திட்டக்கூட முடியாத நிலைமை எனக்கு.

வாய்க்கு லீவு, கைக்கு லீவு இல்லை. எங்கள் ஊரில் ஆண்கள் வலைக்குப் போவார்கள். பெண்கள் ஏரியில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்போம். தண்ணீருக்குள் முட்டி போட்டால் கழுத்து வரைக்கும் வரும். இரண்டு கையும் அடியில் சேற்றைத் துழாவிக்கொண்டே போகும். கையில் அகப்படுகிற இறாலைப் போடப் பனையோலையில் முடைந்த கூடை ஒன்று வைத்திருப்போம், அதுதான் பறி. கை இரண்டும் வேலையில் இருப்பதால் பறியின் விளிம்பைப் பல்லில் கடித்துக்கொள்வோம். நான் பதினாலு வயதிலிருந்து கடிக்கிறேன். என் பல் முப்பத்திரண்டும் கெட்டி. தேங்காய் நார் உரிக்கிற பல் என்று என் அம்மா வீட்டில் சொல்வார்கள்.

அந்த மூன்று வாரமும் ஓரகத்தி வேண்டுமென்றே என் பக்கத்தில் வந்து தடவினாள். என்னால் பேச முடியாது என்று தெரிந்துகொண்டு வந்தவள் மாதிரி வாய் ஓயாமல் பேசினாள். நானோ பறியைக் கடித்துக்கொண்டு அவளை முறைப்பேன், அதுதான் என்னால் முடிந்தது. ஒரு நாள் பறியைக் கரையில் கவிழ்த்து இறாலைக் கொட்டும்போது என் பறியை எடுத்து விளிம்பைத் தடவிப் பார்த்தாள்.

"ஐய, இன்னாக்கா இது? எலி கடிச்ச மாதிரி கீது!"

உண்மைதான். விளிம்பில் என் பல் பட்ட இடமெல்லாம் ஓலை நைந்து பள்ளமாகியிருந்தது. மாதத்துக்கு ஒரு பறி மாற்றுவேன். அவள் பறியை என் கண்ணெதிரில் நீட்டினாள். கல்யாணமாகி வந்த புதிதில் கொண்டுவந்த அதே பறி. விளிம்பில் ஒரு பல் தடம் இல்லை.

"நான் கடிக்கவே மாட்டேன்க்கா. எனக்குச் சின்ன வயசுல கடவாப் பல்லு ரெண்டும் சொத்தை. கடிச்சா உயிரு போவும். எங்க நைனாகிட்ட சொன்னா புடுங்கிடுவாருன்னு பயந்துக்கினு ஒதட்டாலேயே புடிச்சிக்கினு தடவுவேன். வலி தெரியாம இருக்க முனகிக்கினே கீவேன். அப்பிடியே பயகிப்போச்சு."

நான் வேண்டுமென்றே பார்வையைத் திருப்பிக்கொண்டேன். அவள் விடவில்லை. என் காதுக்குக் கீழே, தாடைக் கீல் இருக்கிற இடத்தில், சேறு பட்ட விரலை வைத்து அழுத்தினாள். உயிர் போனது.

"பாத்தியா, கல்லு மாதிரி கீது. நீ பாடறப்பவும் இத்த இப்பிடித்தான் வெச்சிக்கினு கீற. பின்னால நின்னு பாக்கறேனே. பறி தண்ணியில மெதக்குதுக்கா. அத்த யாரு தூக்கச் சொன்னா? அது பாட்டுக்கு மெதக்கும், தள்ளிப் போவாம பாத்துக்கினா போதும். கொரலும் அப்பிடித்தான்."

கையை ஓங்கினேன். சிரித்துக்கொண்டே தண்ணீருக்குள் போய்விட்டாள். கழுத்தளவு தண்ணீரில் இருந்துகொண்டு, "மூச்சு இழுத்தா வெலாவச் சுத்திக் கீற தண்ணி வெளிய நவுரணும், தோளு ஒசரக் கூடாது, மோவாய தூக்காத, வா-ன்னு வாயப் பொளக்காம வோ-ன்னு வட்டமா ஆரம்பிச்சி மேல போயித் தெறந்துக்கோ" என்று பிரசங்கம் வேறு. எனக்கு யார் வேண்டுமானாலும் சொல்லித்தரலாம், இவள் சொல்லித்தரக் கூடாது. இவள் சொல்லி எனக்கு வரும் என்றால் அது வராமலே போகட்டும் என்றுதான் அப்போது நினைத்தேன்.

ஒன்று சொல்கிறேன். அழகுக்குப் பொறாமைப்பட்டவர்கள் இருப்பார்கள், நகைக்குப் பொறாமைப்பட்டவர்கள் இருப்பார்கள். ஒருத்தியின் சொத்தைப் பல்லுக்குப் பொறாமைப்பட்டவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அன்றைக்கு வீட்டுக்கு வந்து கண்ணாடியில் என் கெட்டிப் பல்லைப் பார்த்தேன். ஒரு பல்லாவது சொத்தையாகித் தொலைந்திருக்கக் கூடாதா என்று அழுதேன்.

ஆனால் செய்தேன். வெட்கம்கெட்டுச் செய்தேன். அவள் இல்லாத நேரம் பார்த்து ஏரியில் தள்ளிப் போய், பறியை உதட்டால் மட்டும் பிடித்துப் பார்த்தேன். முதல் நாள் பறி நாலு முறை நழுவி ஓடியது. நாலாவது நாள் நின்றது. மூன்று வாரம் கழிந்ததும் அப்படியே மெல்லிசாக முனகினேன். மேலே போக வேண்டும் என்று ஆசை வந்தவுடனே தாடை தானாக இறுகும், பறி விளிம்பு பல்லில் படும். உடனே தெரிந்துவிடும். தளர்த்திக்கொண்டு மறுபடி ஆரம்பிப்பேன். மாசி, பங்குனி, சித்திரை என்று மாதங்கள் போயின. டாக்டரம்மா மறுபடி கேமரா விட்டுப் பார்த்து, "தடிப்பு நல்லா வத்தியிருக்கே, யாருகிட்ட பயிற்சி எடுத்தீங்க?" என்று கேட்டார்கள்.

"யாருகிட்டயும் இல்ல" என்றேன்.

ஆனியில் நாட்டார் எங்கள் வீட்டுக்கு வந்தார். "இந்த வருசம் சின்னவளே கொரலு எடுக்கட்டும்மா. ஒனக்கு ஒடம்பு வேற செரியில்ல. நீ பின்னால நில்லு" என்றார். என் மாமியார் தலையாட்டினாள். என் வீட்டுக்காரரும் ஆட்டினார். ஓரகத்தி மட்டும், "அக்காவே எடுக்கட்டுமே, எனக்கு இன்னா" என்றாள். அது எனக்கு இன்னும் சுருக்கென்றது. தனக்கு வேண்டாம் என்று எனக்குப் பிச்சை போடுகிறாளா?

திருவிழாக் காலையில் நான் செய்ததைச் சொல்கிறேன். மஞ்சள் புடவை கட்டிக்கொண்டு மாமியாரிடம் போனேன். "அத்த, சின்னவ வூட்டுக்கு தூரமாம். எங்கிட்டதான் சொன்னா. ஒங்ககிட்ட சொல்ல வெக்கப்பட்டுக்கினு கீறா" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன். தூரமாக இருக்கிறவள் அம்மன் அழைப்பில் தண்ணீரில் இறங்கக் கூடாது. மாமியார் பதறிப்போய் நாட்டாரிடம் சொல்லிவிட்டாள். ஓரகத்தியும் மஞ்சள் புடவையோடு கரைக்கு வந்தாள். மாமியார் குறுக்கே கை நீட்டி, "நீ எறங்காதடி, அங்க போயி ஒக்காரு" என்றாள். சுற்றிலும் ஆண்கள். அத்தனை ஆண்கள் நடுவில் ஒரு பெண், எனக்கு அப்படி ஒன்றும் இல்லை என்று எப்படி வாய் திறப்பாள்? அதைக் கணக்குப் போட்டுத்தான் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். புரிந்துகொண்டாள். கரையில் தள்ளிப் போய், கவிழ்த்துப் போட்டிருந்த ஒரு படகின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

நான் தண்ணீரில் இறங்கினேன். எதிரே தூரத்தில் படகு. முதல் அழைப்பை வட்டமாக ஆரம்பித்தேன். சுத்தமாகப் போனது. பின்னால் ஆச்சரியப்பட்டுப் பேசிக்கொண்டார்கள். இரண்டாவது அதைவிட நன்றாகப் போனது. மூன்றாவதற்கு மூச்சை இழுத்தேன். அப்போது முதுகில் அவள் பார்வை படுவது போல இருந்தது. பொய் சொல்லிவிட்டு அம்மனைக் கூப்பிடுகிறோமே என்று முதன்முதலாகப் பயம் வந்தது. தாடை சிக்கென்று இறுகியது. முகவாய் தானாக மேலே போனது. குரல் ஏறிப் பாதியில் பழைய தகரச் சத்தம் போட்டு அறுந்தது.

படகு நின்றது. போன வருடம் போலவே. என் காலடியில் சேறு நழுவியது. இந்தத் தடவை என் பின்னால் எடுத்துக்கொடுக்க யாரும் இல்லை. அந்த ஒருத்தியைத்தான் நானே கரையில் உட்கார வைத்திருந்தேனே!

"அக்கா! பறி மெதக்குது!"

கரையிலிருந்து அவள்தான். கால் தண்ணீரில் படாமல், விளிம்பில் வந்து நின்று கத்தினாள். எல்லாரும் ஏரியில் பறியைத் தேடினார்கள். எனக்கு மட்டும்தான் தெரியும். கண்ணை மூடினேன். உதட்டில் ஓலை விளிம்பு இருப்பதாக நினைத்துக்கொண்டேன். தூக்க வேண்டாம், தள்ளிப் போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். தாடை இறங்கியது. முகவாயைக் கீழே கொண்டுவந்தேன். மூச்சு விலாவில் நிறைந்து சுற்றியிருந்த தண்ணீரைத் தள்ளியது. 'ஏரி தாண்டி' என்று சின்னதாக ஆரம்பித்தேன். 'வா'வில் வட்டமாக ஏறி, மேலே போய்த் திறந்தேன். தொண்டையில் ஒன்றுமே இல்லாதது மாதிரி இருந்தது. குரல் எங்கோ நெற்றிக்குப் பின்னால் இருந்து போய்க்கொண்டே இருந்தது. பம்பை அடித்த பிறகும் எனக்கு மூச்சு மிச்சம் இருந்தது.

அன்றைக்கு என்னை எல்லாரும் கொண்டாடினார்கள். கரகத்தைத் தூக்கி வந்தவர் என் தலையில் வேப்பிலையால் தொட்டார். நாட்டார், "டாக்டரு இன்னாமோ சொன்னாங்கன்னியே, இதான் கங்கம்மா மருந்து" என்றார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். ஓரகத்தி மூன்று நாள் கோயில் பக்கம் வராமல், நான் சொன்ன பொய்க்குக் காவல் இருந்தாள். அவளுக்கு அம்மன் பிரசாதம்கூடக் கிடைக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து ஏரியில் நானாக அவள் பக்கத்தில் போய்த் தடவினேன். "ஏன்டி யாருகிட்டயும் சொல்லல?" என்று கேட்டேன்.

அவள் பறியை உதட்டிலிருந்து விட்டாள். அது அவள் முன்னால் மிதந்தது.

"சொன்னா ஒன்ன ஊரே காறித் துப்பும். அத்த பாத்துக்கினு எனக்கு இன்னா ஆவப்போவுது?" என்றாள். பிறகு கொஞ்ச நேரம் சேற்றைத் துழாவிவிட்டு, "நீ அன்னிக்கு எடுக்கலன்னா செத்துப்போயிருப்பக்கா. எனக்கு அப்பிடி இல்ல. எடுத்தாலும் தூக்கம் வரும், எடுக்கலன்னாலும் வரும்" என்றாள்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். நான் பத்து வருடம் பல் உடையக் கடித்துக்கொண்டிருந்த ஒன்று, அவளுக்குச் சும்மா மிதக்கிற பறி. வேண்டாதவளுக்குக் கொடுத்திருக்கிறாயே என்று அம்மன்மேல் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

அடுத்த ஆனியில் நானே மாமியாரிடம் போய்ப் பொய்யை ஒப்புக்கொண்டேன். பதினோரு நாள் என் கையால் ஒரு வாய்த் தண்ணீர் வாங்கிக் குடிக்கவில்லை அவள். பிறகு நாட்டார் வீட்டுக்குப் போய், "சின்னவ கொரலு எடுக்கட்டும். நான் பின்னால நிக்கறேன்" என்றேன். ஏன் என்று கேட்டார். "அவ என்னவிட நல்லா எடுப்பா" என்றேன். அந்த நாலு வார்த்தையைச் சொல்ல எனக்கு எத்தனை வருடம் ஆகியிருக்கிறது பாருங்கள்.

ஆடியில் அவள் முன்னால் நின்றாள். நான் அவள் தோளுக்குப் பின்னால் நின்றேன். முதல் அழைப்பைக் கொடுத்தாள். எதிர்க்குரல் கொடுத்தோம். இரண்டாவது அழைப்பைக் கொடுத்தாள். அது ஏரிமேல் போய்க்கொண்டிருக்கும்போதே பம்பை அதிர்ந்தது. படகு புறப்பட்டுவிட்டது. மூன்றாவதற்குக் காத்திருக்கவில்லை. நான் எடுத்த பத்துப் பதினோரு வருடத்தில் ஒரு தடவைகூடப் படகு இரண்டாவதில் அசைந்ததில்லை.

அவள் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தாள். நானும் எதிர்க்குரலை விடாமல் கொடுத்தேன். தாடை தளர்வாகத்தான் இருந்தது, தொண்டையில் ஒரு வலியும் இல்லை. வயிறுதான் எரிந்தது.